ஸ்டேட்டஸில் வைக்காத படம்

1

பம்மலில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறதாம். அயர்லாந்துக்குப் போய் இத்தனை வருடமாகியும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் கூடப் போடவில்லை, அப்படியென்றால் அங்கே ஏதோ சரியில்லை என்பதுதான் அந்தப் பேச்சு. சொன்னவன் தனசேகர். நானும் அவனும் மேற்குத் தாம்பரத்தில் ஒரே ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வேலை பார்த்தவர்கள். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"இன்னா மச்சான், உள்ள கீறியா, வெளிய கீறியா?"

"வெளியதான்டா."

"அப்புறம் ஸ்டேட்டஸ்ல ஒண்ணியும் காணோம்? அனகாபுத்தூர்ல என் மச்சினன் துபாய் போயி மூணு மாசம் ஆவல. ட்ராலி தள்ளிகினு ஒண்ணு, ஒட்டகத்தாண்ட நின்னுகினு ஒண்ணு, டெய்லி பத்து போடறான். உனக்கு இன்னா, போட்டோ அங்க ரேஷன்ல குடுக்கறானா?"

சிரித்துவிட்டு வைத்தேன். பதில் இருக்கிறது, ஆனால் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஃப்ளெக்ஸ் கடைக்குப் பிறகு கத்தாரில் பெயின்ட் அடித்தேன், குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டினேன், மாலத்தீவில் ஹோட்டல் சமையலறையில் மீன் சுத்தம் செய்தேன். எந்த இடத்திலும் கால் தங்கவில்லை. கத்தாரில் சில மாதம் சம்பளம் வரவில்லை, குபூஸ் ரொட்டியும் தயிரும் தின்றோம், பிறகு வந்தது. இப்போது இங்கே ஒரு காளான் பண்ணையில் பெட்டி அடுக்குகிறேன். என் மனைவி எஸ்தர் இரும்புலியூர்க்காரி, படித்த நர்ஸ். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. பெர்மிட் அவள் பெயரில்தான். நானும் மகள் ஜெனியும் அவள் முந்தானையில் முடிந்து வந்தவர்கள்.

அந்த இல்லத்தில் இருந்த ஒரு அம்மாவுக்கு நேற்று சர்ச்சில் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை நடந்தது. மூவரும் போயிருந்தோம். அந்த அம்மாவின் பெயரை எழுத மாட்டேன். இங்கே நாங்கள் இருக்கிற ஊரின் பெயரும் இல்லத்தின் பெயரும் இதில் வராது. அவருடைய மகளிடம் எழுதலாமா என்று கேட்டாயிற்று, எழுதச் சொன்னார். அதற்குப் பிறகும் எஸ்தர் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் அடித்தாள். அடித்தது என்ன என்று கேட்காதீர்கள்.

2

முதலில் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

கடை முதலாளி டேவிட் சார். கல்யாண பேனர், மஞ்சள் நீராட்டு விழா பேனர், கட்சிக்காரர் பிறந்தநாள் பேனர் எல்லாம் அடிப்போம். ஆனால் கண்ணீர் அஞ்சலி வந்துவிட்டால் மற்றவை எல்லாம் காத்திருக்கும். சாவு வீட்டிலிருந்து யாராவது ஒரு பையன் கண் சிவந்து வந்து போனை நீட்டுவான். உள்ளே ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் ஒரு தலை தெரியும். அந்தத் தலையை வெட்டி எடுத்து, பெரிதாக்கி, கோட் மாட்டி விடுவேன். வாழ்நாளெல்லாம் பனியனும் லுங்கியுமாக இருந்தவருக்கும் கோட் உண்டு. கம்ப்யூட்டரில் கோட் ஒன்றுதான் இருந்தது, நீல டையோடு. பம்மலில் செத்தவர்களில் பாதிப்பேர் ஒரே கோட்டில்தான் மேலே போயிருக்கிறார்கள்.

கீழே 'இவண்' என்று போட்டு மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் பெயர். ஒரு பெயர் விட்டுப்போனால் சாவு வீட்டில் இரண்டாவது சாவு விழும். மூலையில் எங்கள் கடையின் பெயரும் செல் நம்பரும். தெருமுனையில் பேனர் இல்லாத சாவு கேட்பாரற்ற சாவு என்றுதான் எங்கள் பக்கத்தில் எண்ணம். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் இருந்தான், போய்விட்டான் என்று நாலு பேர் நின்று பார்ப்பதும் மரியாதைதான்.

நான் சேர்ந்த முதல் நாளே டேவிட் சார் ஒரு விதி சொன்னார். போட்டோ வந்தாலும் பணம் வந்தாலும், ஒரு கேள்வி கேட்காமல் கண்ணீர் அஞ்சலி பேனர் கடையை விட்டுப் போகக் கூடாது. "வெளியூர்ல இருக்கறவங்க எல்லாம் வந்துட்டாங்களா? அவங்களுக்குச் சொல்லியாச்சா?"

எனக்கு முன்பே நடந்த ஒரு விஷயத்தால் வந்த விதி அது. பெரியவர் ஒருவர் இறந்துபோனார். மகன் பம்பாயில் இருந்தார். "அப்பாவுக்கு சீரியஸ், கிளம்பி வா" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். வழியில் ஆள் உடைந்துவிடக் கூடாது என்று நம்மவர்கள் சாவை அப்படித்தான் சொல்வார்கள். அவர் தாம்பரத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் வெளியே வந்து நிமிர்ந்தால், கம்பத்தில் அப்பா கோட் போட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே இவண் வரிசையில் இரண்டாவதாகத் தன் பெயர். ஏணியில் நின்று இன்னொரு பக்கத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவன் தனசேகர். கீழே ஒருவர் பெட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்ததைப் பார்த்து, "இன்னாண்ணா, தெரிஞ்சவரா?" என்று கேட்டிருக்கிறான்.

"எங்கப்பா" என்றாராம்.

அன்றையிலிருந்து அந்தக் கேள்வி. சில பேர் கோபப்படுவார்கள். "துட்டு குடுக்கறேன், அடிக்கறத வுட்டுட்டு வக்கீல் மாதிரி கேள்வி கேக்கறியே" என்பார்கள். "அப்ப வேற கடைக்குப் போங்க" என்பார் டேவிட் சார், குரலை உயர்த்தாமல். போனவர்களும் உண்டு. அவர் விதியை மாற்றவில்லை. சோஷியல் மீடியாவில் எப்படி நடந்துகொள்வது என்று இங்கே வகுப்பெடுக்கிறார்கள், சான்றிதழ் தருகிறார்கள். எனக்கு அந்த வகுப்பு மார்க்கெட் பக்கத்துச் சந்தில், மை வாடையோடு முடிந்துவிட்டது.

3

எஸ்தருக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரு பழைய சிரிப்புக் கதை இருந்தது. இங்கே வந்த புதிதில், இறந்துபோன ஒருவரைப் பற்றி எஸ்தர் நம் ஊர் ஆஸ்பத்திரி வழக்கப்படி "எக்ஸ்பயர் ஆகிவிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொல்ல, கூட இருந்தவர்கள் விழித்திருக்கிறார்கள். இங்கே அந்தச் சொல் பால் பாக்கெட்டுக்கும் மாத்திரைக்கும்தான். விஷயம் அந்த அம்மாவின் காதுக்குப் போயிற்று. அடுத்த நாள் எஸ்தரைக் கூப்பிட்டு, "நான் பால் இல்லை, பெண்ணே. என் முறை வரும்போது செத்துவிட்டாள் என்றே சொல்" என்றாராம். அதிலிருந்து இருவரும் சிநேகம்.

அவர் போனது ஒரு பனிக்கால விடியலில், எஸ்தரின் நைட் டியூட்டி முடிகிற நேரத்தில். மகன் பக்கத்தில் இருந்தார். கண்ணை மூடிவிட்டு, முகம் துடைத்து, தலை வாரிவிட்டவள் எஸ்தர். நான் அழைத்துப் போக வந்திருந்தேன். காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியை நான் சுரண்டுகிற நேரத்தில் அவள் உள்ளே உட்கார்ந்து ஸ்டேட்டஸ் வைத்தாள்.

இல்லத்தில் பிறந்தநாள் கொண்டாடியபோது எடுத்த படம். தலையில் காகிதக் கிரீடம், வாய் நிறையச் சிரிப்பு. தோளில் நீலச் சீருடைக் கை ஒன்று, அது எஸ்தருடையது. இல்லத்து டேப்லெட்டில் கூட வேலை பார்க்கும் பெண் எடுத்து எஸ்தருக்கும் அனுப்பியிருந்தாள். அதன்மேல் இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு ரோஜா, அந்த அம்மாவின் பெயர், 'இதய அஞ்சலி'. கேம்ப் ரோட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை எந்த வீட்டுப் பிள்ளையும் செய்கிற காரியம்.

எட்டிப் பார்த்தேன். பழைய தொழில் புத்தி. "இடது பக்க மெழுகுவர்த்தி ஒசரமா இருக்கு. சரி பண்ணித் தரட்டா?" என்றேன்.

"உங்க டேவிட் சார் கடைக்கா போகுது? வண்டிய எடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜெனி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. தமிழ் எங்களுக்காக மட்டும் பேசுகிறாள், அதிலும் நான்கு வார்த்தைக்கு ஒன்று வழுக்கி விழும். பள்ளி வாசலில் நான் தமிழில் உரக்கக் கூப்பிடக் கூடாது என்பது அவள் எனக்குப் போட்ட சட்டம். போனைப் பார்த்தவள் ஷூ போடுவதை நிறுத்தினாள்.

"அம்மா, இத எடுங்க."

"ஏன்டி? நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கு. பட் அது உங்களோடது இல்ல. அவங்க ஃபேமிலிக்கு எல்லாம் தெரியுமா?"

"மகன் கூடவே இருந்தாரே."

"மத்தவங்களுக்கு?"

எஸ்தர் எடுத்துவிட்டாள். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். டேவிட் சார் கடையின் கேள்வி, தாம்பரம் ஒழுங்காக ஞாபகம்கூட இல்லாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்துவிட்டது.

ஸ்டேட்டஸ் இருந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த நேரம் ஆஸ்திரேலியாவில் மாலை. முன்பு எஸ்தரோடு வேலை பார்த்த கேரளத்து நர்ஸ் ஒருத்தி அங்கே குடியேறியிருந்தாள். அந்த ஊரில் அவளுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர், அங்கேயே வாழ்கிற அந்த அம்மாவின் மகள். நர்ஸ் ஸ்டேட்டஸைப் பார்த்தாள், உடனே ஆறுதல் செய்தி அனுப்பினாள். மகள் அதை சூப்பர்மார்க்கெட் வரிசையில் நின்றபடி படித்தார். அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சேரட்டும், உட்கார்ந்திருக்கும்போது சொல்லலாம் என்று தம்பி இங்கே காத்திருந்தார்.

மூன்று பேரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். ஆனாலும் அந்த மகள் வரிசையில் நின்றபடி தன் தாயை இழந்தார்.

4

விஷயம் குடும்பம் வழியாக இல்லத்துக்குத் தெரிந்து, அன்று மாலை அங்கிருந்து போன் வந்தது. மறு அறிவிப்பு வரும்வரை டியூட்டிக்கு வர வேண்டாம், இறந்தவரின் குடும்பத்தோடு தொடர்பு கொள்ளக் கூடாது. இரண்டு நாளில் விசாரணைக் கடிதம். எஸ்தர் சேரும்போது கையெழுத்துப் போட்ட விதிமுறையின் நகலும் அதோடு இருந்தது. பெர்மிட் அந்த இல்லத்தோடு கட்டியது. வேலை போனால் அதன் பின்னாலேயே பெர்மிட், நர்ஸ் பதிவு எல்லாவற்றுக்கும் கேள்வி வரும்.

மூட்டை கட்டுவது எனக்குப் பழக்கம். எந்த நாட்டிலும் என் பெட்டியை முழுதாகப் பிரித்ததில்லை. ஆனால் ஜெனிக்கு இது ஊர். அவளுடைய சிநேகிதிகள், அவளுடைய ஹாக்கி மட்டை, அவளுடைய உச்சரிப்பு எல்லாம் இங்கே. அவளை எந்த வகுப்பில், எந்த மொழியில் கொண்டுபோய் உட்கார வைப்பது என்று யோசித்தேன். பண்ணையில் பெட்டி அடுக்கும்போது கை தப்பியது அந்த வாரம்தான்.

ராபர்ட் அண்ணன் வந்தார். சேலையூர்க்காரர், இங்கே நீண்ட நாளாக டாக்ஸி ஓட்டுகிறவர், தமிழ்க் குடும்பம் எதற்குக் கஷ்டம் வந்தாலும் முதலில் கதவைத் தட்டுகிறவர். கேக்கும் வாங்கி வந்திருந்தார்.

"சிம்பிள் எஸ்தர். பாப்பா போன எடுத்துச்சு, அம்மா அழறதப் பார்த்துட்டு, தெரியாம போட்டுடுச்சு. மைனர் பொண்ணு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ ஒரு சாரி சொல்லு. முடிஞ்சுது."

"அவதான்ணா எடுக்கச் சொன்னா."

"யாருக்குத் தெரியப் போவுது? நீ நேர்மையா இரு, நான் வேணாங்கல. பெர்மிட் போச்சுன்னா மூணு பேருக்கும் ஃப்ளைட்டு. அப்ப இந்த நேர்மைய ஹேண்ட் லக்கேஜ்ல வச்சுக்கினு போவியா?"

 உண்மையைச் சொன்னால், அந்த யோசனை எனக்கு மோசமாகத் தோன்றவில்லை. மாடிப்படியில் ஜெனி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தாள்.

"ஓகே. நான் போட்டேன்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

எஸ்தர் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். போட்டுக்கொள்ள முடியாத அந்த நாட்களிலும் துவைத்து மடித்தாள்.

"அன்னைக்கு நைட் டியூட்டி யாரு பார்த்தா?"

"நீங்க."

"அவங்களுக்குக் கண்ண மூடிவிட்டது?"

"நீங்கம்மா."

"அப்ப போட்டதும் நான்தான். போய்ப் படி."

ராபர்ட் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கேக்கை வெட்டினேன். வேறு என்ன செய்ய? போகும்போது வாசலில் நின்று, "உன் பொண்டாட்டி வாத்தியார் வீட்டுப் பொண்ணுப்பா, திருத்த முடியாது" என்றார். திட்டுவது போலத்தான் சொன்னார். ஆனால் மீட்டிங் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு டாக்ஸியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே போனருகில் இருந்தார்.

அன்று தூங்கப் போகுமுன் ஜெனி என்னிடம் வந்து, அந்த பேனர் கடைக் கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பம்பாய் மகன் தரையில் உட்கார்ந்த இடம் வந்ததும் எஸ்தரும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

5

மீட்டிங்குக்குத் துணைக்கு ஓர் ஆளை அழைத்துப் போகலாம் என்று கடிதத்தில் இருந்தது. எஸ்தர் வேண்டாம் என்றாள். நான் வெளியே காரில் இருந்தேன். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும்.

மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். தலைமை நர்ஸ் முதலில் கேட்டது, உங்கள் போனை வீட்டில் வேறு யாராவது எடுப்பார்களா என்று. ராபர்ட் அண்ணன் சொன்ன வழியைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

"இல்லை. நான்தான் போட்டேன்."

விதிமுறை தெரியுமா?

"தெரியும். படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அன்றைக்கு அது சோஷியல் மீடியா என்று எனக்குத் தோன்றவில்லை. வாசலில் மாலை வைப்பது போலத் தோன்றியது. எங்கள் ஊரில் அது மரியாதை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் தலையசைத்துக்கொண்டிருந்தார்களாம். எஸ்தர்தான் தொடர்ந்திருக்கிறாள். எங்கள் வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், எங்கள் ஊரிலும் இது தப்புதான் என்று சொல்லி, தாம்பரம் ஸ்டேஷன் வாசலையும் பெட்டியோடு உட்கார்ந்த மகனையும் டேவிட் சாரின் கேள்வியையும் அந்த மூன்று பேருக்கும் சொல்லியிருக்கிறாள். "என் கணவர் வேலை பார்த்த கடையில் கேட்ட கேள்வியை நான் கேட்கவில்லை. உங்கள் விதியை மட்டுமல்ல, எங்கள் விதியையும் மீறினேன்."



முடிவு ஒரு வாரம் கழித்து வந்தது. எழுத்தில் எச்சரிக்கை, இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை. ஒரு பயிற்சி வகுப்பு. டியூட்டி இல்லாத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. வேலை இருந்தது, பெர்மிட் இருந்தது. ஆனால் எனக்கு அந்த முடிவை விட மீட்டிங் நாள்தான் நினைவில் நிற்கிறது. அவள் கதவைத் திறந்து வந்து காரில் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "போலாம், பால் வாங்கணும்" என்றாள். குவைத்தில் பெரிய மனிதர் வீட்டுக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். ஓட்டுகிறவன் என்பதில் பெருமைப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

6

அயர்லாந்தும் சாவைக் கொண்டாடுகிற ஊர்தான். உள்ளூர் ரேடியோவில் இறந்தவர் பெயர்களை வாசிப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று கை கொடுப்பார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பூசை. பிறகு இறந்தவர் படத்தோடு சட்டைப்பையில் அடங்குகிற அட்டை ஒன்று அச்சடித்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். நம் நினைவுநாள் நோட்டீஸ் போலத்தான். எல்லாமே வீட்டார் சொன்ன பிறகு.

ஒரு மாதப் பூசைக்குப் போகலாமா என்று எஸ்தர் தலைமை நர்ஸிடம் கேட்டு, அவர் குடும்பத்திடம் கேட்டு, வரலாம் என்று பதில் வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பூசை முடிந்ததும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த மகள் நேராக எங்களை நோக்கி நடந்து வந்தார். எஸ்தர் என் கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு அந்தச் செய்தி அப்படி வந்திருக்கக் கூடாது" என்றார் அவர்.

"ஆமாம்" என்றாள் எஸ்தர். 

பிறகு அவரே சொன்னார். அவருக்கு அனுப்பிய செய்தியோடு கேரளத்துப் பெண் அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தாளாம். ஆத்திரத்தில் அன்றே அழித்துவிட்டாராம். "ஆனால் அதில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரிக்கிற படம் எங்கள் யாரிடமும் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?"

"இல்லை. எல்லாவற்றிலிருந்தும் அழித்துவிட்டேன். இல்லத்து டேப்லெட்டில் இருக்கும். நீங்கள் கேட்டால் தருவார்கள்."

அவர் கேட்டார், தந்தார்கள். அச்சகத்தில் அட்டைக்குப் படம் சரியாக வரவில்லை. பின்னால் வேறு முதியவர்கள் இருவர் தெரிந்தார்கள். அவர்களை எடுத்தால் படம் அசிங்கமாகிவிடுகிறது என்று எஸ்தரிடம் சொன்னார் மகள். எஸ்தர் இல்லத்தில் சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு, "என் வீட்டுக்காரர் இந்தத் தொழில் பார்த்தவர்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஜெனியின் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். பின்னால் இருந்த இருவரை எடுத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தை நிரப்பினேன். கோட் மாட்டவில்லை. காகிதக் கிரீடத்தைத் தொடவில்லை. தோளில் இருந்த நீலச் சீருடைக் கை மிச்சம்.

"அந்தக் கைய எடுத்துடுங்க" என்றாள் எஸ்தர் பின்னால் நின்று. "ஸ்டாஃப் கை எதுக்கு அவங்க அட்டையில?"

எடுத்தேன். ஒரு படம் கையோடு, ஒரு படம் கை இல்லாமல், இரண்டும் அனுப்பினோம், முடிவு அவர்களுடையது என்று.

அட்டை தபாலில் வந்தது. கை இருந்தது.

இந்தக் கதையில் கடையின் பகுதியை மட்டும், நான் படம் போடாததற்குக் காரணமாக, நேற்று தனசேகரிடம் சொன்னேன். அவன் வழக்கமாக நடுவில் நுழைவான். நுழையவில்லை.

"அந்த பம்பாய் அண்ணன் மூஞ்சி இன்னும் மறக்கல மச்சான்" என்றான் கடைசியில். "சரி வுடு. நீ ஒண்ணியும் போடாத. எவனாவது கேட்டா நான் சொல்லிக்கறேன்."

தாம்பரத்தில் நான் அடித்த எல்லா பேனரிலும் கீழே ஊரே பெயர் போட்டிருக்கும், மூலையில் கடை நம்பர் இருக்கும். இந்த அட்டையில் அந்த அம்மாவின் பெயர் மட்டும்தான். படத்தைச் சரி செய்தவன் பெயர் இல்லை. தோளில் இருக்கிற கை யாருடையது என்றும் இல்லை.

ஜெனி அதைத் தன் படிக்கிற மேஜையில், எழுதும்போது கண்ணில் படுகிற மாதிரி சாய்த்து வைத்திருக்கிறாள். இதுவரை எங்கும் போடவில்லை.